யார் எடுத்த டிக்கெட்

சாராய வழக்கில் பிடிபட்டவனும் அவனைப் பிடித்த போலீஸ்காரரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் உட்கார்ந்து கோர்ட்டுக்குப் போவார்கள். இரண்டு டிக்கெட்டையும் பிடிபட்டவன் எடுப்பான். கோர்ட் வாசலில் சாப்பிடும் இட்லியும் அவன் செலவுதான். கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமில்லை. எனக்கும் அதிசயமாக இருந்ததில்லை. அந்தப் போலீஸ்காரர்களில் ஒருவர் என் அக்கா பாண்டியம்மாளைக் கட்டியவர்.

அவர் பெயர் கருத்தக்கண்ணன். மார்க்கையன்கோட்டைக்காரர். அடுத்தவர் வயலில் நாற்றுக் கட்டு சுமந்த குடும்பம். எட்டாவது வரை படித்தார். உயரமும் மார்பளவும் சரியாக இருந்ததால் போலீஸில் எடுத்துக்கொண்டார்கள். கடைசி வரை கான்ஸ்டபிள்தான். ஊர்க்காரர்கள் மரியாதைக்கு ஏட்டையா என்பார்கள். அவர் திருத்த மாட்டார். அவரை மகாத்மா என்று காட்ட நான் இதை எழுதவில்லை. சாராயக்காரன் வாங்கிக் கொடுத்த இட்லியை அவர் சாப்பிட்டிருக்கிறார், இன்னொரு வடையும் கேட்டிருக்கிறார்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் ஸ்டேஷனில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பாஸ்போர்ட். இன்னார் சாட்சி சொல்ல இன்ன ஊருக்குப் போகிறார் என்று அதில் இருக்கும். காசு இருக்காது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு போட வேண்டும். சாட்சி சொல்லிவிட்டு, வந்து போனதற்குக் கோர்ட்டில் சான்று வாங்கி, அதைப் பில்லோடு சேர்த்து அனுப்பினால் அரசாங்கம் திருப்பித் தரும். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. நடப்பில் பில் ஒரு கேள்வியோடு திரும்பி வரும். கேள்விக்குப் பதில் எழுதினால் இன்னொரு கேள்வி வரும். இதற்குள் அடுத்த சம்மன் வந்துவிடும்.

ஆகவே யாருக்குக் கேஸ் முடிய வேண்டுமோ அவர் செலவைப் பார்த்துக்கொள்வார் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். சட்டத்தில் இல்லை. ஆனால் சட்டம் நடந்ததே அதை வைத்துத்தான்.

ஒச்சாண்டி என்று ஒருவன் மலையடிவாரத்தில் சாராயம் காய்ச்சுவான். அவனும் என் மச்சானும் கோர்ட்டுக்குப் போன ஒரு பஸ்ஸில் நானும் இருந்தேன். அப்போது கல்லூரியில் முதல் வருஷம்.

“ஏட்டையா, இன்னைக்காவது ஒழுங்காச் சொல்லிருங்க” என்றான் ஒச்சாண்டி. “போன வாய்தால பானை மண்பானையா, பித்தளையான்னு கேட்டதுக்கு முழிச்சீகளே! தள்ளி வச்சுட்டாக. எனக்குல்ல ரெண்டு டிக்கெட்டு தண்டம்.”

“ஏலே, பானை ஒன்னுது. நான் ஞாபகம் வச்சிருக்கணுமா?”

“பிடிச்சது நீங்கதான? பிடிக்கையில நல்லாப் பாத்துப் பிடிக்க வேணாமா?”

பஸ்ஸே சிரித்தது. மச்சானும் சிரித்தார். கண்டக்டர் மட்டும் சிரிக்காமல், “ஏட்டையாவுக்கு எதுக்குப்பா டிக்கெட்டு?” என்றார். மச்சான் எடுக்கச் சொன்னார். ஓசியில் ஏறினால் நாளைக்கு அந்தக் கண்டக்டர் ஏதாவது ஒரு வழக்கில் அவர் முன்னால் வந்து உரிமையோடு நிற்பான் என்பது அவர் கணக்கு. ஒச்சாண்டி எடுத்த டிக்கெட்டுக்கு அந்தக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று நான் பின்னால் ஒருநாள் கேட்டேன்.

“ஒச்சாண்டி டிக்கெட்டு எடுத்தாலும் ஒச்சாண்டிதான் குத்தவாளி மாப்ளே. அவனுக்கே அதுல சந்தேகம் இல்ல” என்றார்.

அப்போது அந்தப் பதில் போதுமானதாகத் தோன்றியது. இன்றைக்குத் தோன்றவில்லை.

அனுமந்தன்பட்டி எங்கள் ஊர். அங்கிருந்து விடிவதற்கு முன்பே பெண்கள் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலை ஏறி, கேரளத்துத் தோட்டங்களுக்கு ஏலக்காய்ப் பழம் எடுக்கப் போவார்கள். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை அடைப்பார்கள். ஏலக்காய் வியாபாரி பிச்சைமணியின் ஜீப் அதில் ஒன்று. டிரைவர் அம்மாவாசி எங்கள் தெருக்காரர். 1975 தை மாதம் அந்த ஜீப் மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. நான்கு பெண்களும் அம்மாவாசியும் செத்துப்போனார்கள். பிச்சைமணியின் மகன் செல்வமணி முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து வந்தான்.

வண்டியை ஓட்டியது அம்மாவாசி என்றான் செல்வமணி. ஊர் நம்பியது. தினமும் ஓட்டுகிறவன் அவன்தானே. ஜீப்புக்குள் இருந்து பிழைத்த பெண்களைக் கேட்டபோது, “படுதா போட்டிருந்துச்சு, இருட்டு, முன்னால யாருன்னு தெரியல” என்றார்கள். தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மறுநாள் காலை அவர்கள் ஏற வேண்டியது அதே முதலாளியின் இன்னொரு ஜீப்பில்.

ஓட்டியவனைப் பார்த்தவர் ஒரே ஒருவர். மலையடிவாரத்து மதுவிலக்குச் செக்போஸ்ட்டில் அன்றைக்குக் காவலுக்கு நின்றவர் என் மச்சான். முகம் தெரியும் அளவுக்கு வெளுத்துவிட்ட நேரம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு செல்வமணி, “அண்ணே, கம்பத் தூக்குங்க, நேரமாச்சு” என்றான். அம்மாவாசி பக்கவாட்டுப் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். “சின்ன மொதலாளி பழகுறாரு ஏட்டையா” என்று சிரித்தார். மச்சான் சாலையின் குறுக்குக் கம்பத்தைத் தூக்கினார். அன்று மாலையே இதை எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிக் கொடுத்ததால்தான் செல்வமணி மேல் வழக்குப் பதிவானது.

வழக்கு செல்வமணி மேல் இருந்தது, தண்டனையைச் சந்தனம்மாள் அனுபவித்தாள். அவள் அம்மாவாசியின் மனைவி. மகளைப் பறிகொடுத்த சங்கிலியம்மாள் அவள் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “எம்பிள்ளையக் கொன்னுட்டு ஒம்புருசன் போய்ச் சேந்துட்டான். நீ எதுக்குடி இருக்க?” குழாயடியில் சந்தனம்மாள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தார்கள். ஜீப்புகளில் அவளை ஏற்றவில்லை. “நாலு பேரக் கொன்னவன் பொண்டாட்டி” என்பது அவள் பெயராகிவிட்டது. கூலிக்கு அவள் நடந்தே வேறு ஊர்களுக்குப் போனாள்.

“எம்புருசன் ஓட்டலன்னு ஒருத்தரு பாத்திருக்காருல்ல தம்பி? அவரு கோர்ட்ல சொன்னாப் போதும். காசு பணம் எதுவும் வேணாம் எனக்கு” என்று என்னிடம் சொல்வாள். அந்த ஒருத்தர் என் அக்கா புருஷர் என்பதால் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து போவாள்.

அந்த வருஷக் கோடையில் மச்சானை நத்தத்துக்கு மாற்றினார்கள். வழக்கமான மாற்றல் என்றார்கள் சிலர். பிச்சைமணியின் வேலை என்றார்கள் சிலர். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. வழக்கமான மாற்றலாக இருந்தாலும் பலன் ஒன்றுதான். நத்தம் அன்றைய மதுரை மாவட்டத்தின் ஒரு கோடி. வழக்கு நடக்கும் கோர்ட் இன்னொரு கோடி. திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி என்று பஸ் மாறி மாறி வர வேண்டும்.

வாய்தா மேல் வாய்தா விழுந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை உறவில் கல்யாணம். மச்சான் வந்து நிற்பார். தேதி சொல்வார்கள். திரும்பிப் போவார். அனுப்பிய பில் எதுவும் பணமாகவில்லை. போலீஸ்காரன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தான் என்பதையே பில் பார்க்கும் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. டிக்கெட்டை ஒட்டி அனுப்பினால், கீழே கிடந்ததைப் பொறுக்கி ஒட்டினானோ என்று சந்தேகம்.

அந்தச் சமயத்தில் நத்தம் போலீஸ் குடியிருப்பில் அக்கா வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அதனால் எல்லாரும் என்னிடம் யோசனை கேட்பார்கள். என்னிடம் யோசனை எதுவும் இருந்ததில்லை.

ஒருநாள் வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. பிச்சைமணி இறங்கினார். வெள்ளை வேட்டி, வாசனைப் பாக்கு.

“ஏட்டையா, நீங்க பஸ்ல இடிபட்டு வர்றதப் பாத்தா மனசு கேக்கல. நாளைக்கு வாய்தாவுக்கு நானும் அங்கனதான் போறேன். கார்லயே வந்துருங்க. பேசிக்கிட்டே போவோம்.”

“பஸ்ஸே வசதி எனக்கு” என்றார் மச்சான்.

“ஒச்சாண்டி கூட பஸ்ல போனா வசதி, எங்கூட கார்ல வந்தா அசதியாக்கும்?”

“நீங்க சொன்னதுக்கப்புறம்தான் தெரியுது, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு.”

கார் போனதும் அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். “ரேசன் அரிசிக்குக் காசில்லாம பக்கத்து வீட்டுல கை நீட்டிட்டு வாரேன். இவுகளுக்குக் காரு வேணாமாம். சாராயக்காரன் காசு இனிச்சுச்சு, ஏலக்காக்காரன் காசு கசக்குதோ?”

“கசக்குதுடி” என்றார் மச்சான். “அவன் டிக்கெட்டுக்கு மட்டுமா காசு குடுக்கான்?”

“அப்ப ஒங்க சர்க்காரு குடுக்கட்டும். ஒங்களக் கோர்ட்டுக்கு வான்னு கூப்பிடத் தெரியுதுல்ல? கூப்பிட்டவன் குடுக்க வேணாமா? கல்யாண வீட்டுக்கு மேளக்காரனக் கூப்பிட்டாக்கூட வண்டிச் சத்தக் காசு குடுத்துத்தான் கூப்பிடுறாக. சாட்சி மேளக்காரன விடக் கேவலமா?”

  நான் மூன்று வருஷம் வரலாறு படித்ததில் அதற்குப் பதில் இல்லை.

கடைசியில் விசாரணை நடந்த நாள் ஒரு மாசக் கடைசி. மச்சான் அளந்து வைத்திருந்த காசோடு கிளம்பினார். வத்தலக்குண்டு தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. எஞ்சின் புகைந்தது. கண்டக்டர் காசைத் திருப்பித் தராமல், டிப்போவில் வந்து கேளுங்கள் என்றார். வேறு பஸ்ஸுக்கு இன்னொரு முறை டிக்கெட் எடுத்து மச்சான் தேனி வந்து இறங்கியபோது பையில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

தேனி பஸ் நிலையத்தில் சந்தனம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் அங்கே வந்துவிடுவாள். சாட்சிக்காரர் வந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை. அவரோடு பேச மாட்டாள். அதே பஸ்ஸில் பின்னால் ஏறிக்கொள்வாள். அன்றைக்கு மச்சான் பையைத் தடவிப் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள். இலையில் கட்டிய இட்லிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். பஸ்ஸில் ஏறியதும் இரண்டு டிக்கெட் எடுத்தாள். யாருக்குக் கேஸ் முடிய வேண்டுமோ அவர் பார்த்துக்கொள்வது. சின்ன வயதிலிருந்து அவள் பார்த்த பழக்கம் அதுதான்.

மச்சான் முதலில் வேண்டாம் என்றிருக்கிறார். “சாட்சி சொல்லப் போறவுகள வெறும் வயித்தோட அனுப்புனா எனக்குத்தான் பாவம்” என்றிருக்கிறாள் அவள். பிச்சைமணியின் கணக்குப்பிள்ளை அதே பஸ்ஸில் இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்திருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஊரிலிருந்து நேரே கோர்ட்டுக்கு வந்திருந்த நான் பின்வரிசையில் நின்றேன். மச்சான் கூண்டில் ஏறினார். அன்று காலை பார்த்ததைச் சொன்னார். செல்வமணி ஸ்டியரிங்கில் இருந்ததை, அம்மாவாசி படியில் தொங்கியதை, இரண்டு பேரும் பேசியதை, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். சந்தனம்மாள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் உதடும் கூடவே அசைந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மலைப்பாதையைப் பற்றியோ, வெளிச்சத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னைக்குத் தேனியிலிருந்து எப்படி வந்தீங்க?”

“பஸ்ல.”

“டிக்கெட் எடுத்தீங்களா?”

“டிக்கெட்டுலதான் வந்தேன்.”

“அது கேக்கலை. யார் எடுத்தது?”

மச்சான் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். பிறகு, “சந்தனம்மாள்” என்றார்.

“காலைச் சாப்பாடு?”

“அவுகதான் குடுத்தாக.”

“அவங்க யாரு?”

“அம்மாவாசி சம்சாரம்.”

“வண்டி ஓட்டினது தன் புருஷன் இல்லைன்னு நிரூபிக்கணும்ங்கற அவசியம் உள்ளவங்க. சரிதானே?”

“சரிதான். ஆனா நான் பாத்தது இட்லி திங்கிறதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னால!” என்றார் மச்சான். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. “இவுக கார்ல வந்திருந்தா இந்தக் கேள்வியக் கேட்டிருப்பீகளா? நத்தத்துக்குக் காரு வந்துச்சே, அதக் கேளுங்க!”

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி மாஜிஸ்ட்ரேட் கண்டித்தார். கார் வந்ததற்குச் சாட்சி யார்? நானும் அக்காவும். நாங்கள் அவர் குடும்பம். அதை யார் கணக்கில் எடுப்பார்கள்?

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். “மச்சான், நானே எடுத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல? எவன் கண்டான்?”

அவர் என்னை அடிக்க வருகிறவர் போலத் திரும்பினார். “ஏலே, ஒருத்தன் பாத்துக்கிட்டு இருந்துதான் கேக்க வச்சிருக்கான். அதுல பொய்யின்னு ஆகிப் போச்சுன்னா அம்மாவாசி ஓட்டலங்கிறதும் பொய்யின்னு ஆயிருமா இல்லையா? படிச்ச படிப்புக்கு இதுகூட யோசிக்க மாட்டியா?”

யோசித்தேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நானாக இருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். உண்மையைச் சொல்லியும் தோற்றார். பொய் சொல்லியிருந்தால் தோற்காமல் இருந்திருக்கவும் கூடும். இதில் எது சரி என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தக் கூண்டில் அவரை அப்படி நிற்க வைத்தது எது என்று மட்டும் தெரியும். பஸ்ஸுக்கான அந்த அற்பக் காசை முன்னாலேயே கொடுத்து அனுப்பாத அரசாங்கம்.

தீர்ப்பு வந்தது. ஒரே சாட்சி, அவரும் அக்கறையுள்ள தரப்பின் செலவில் வந்தவர், அவர் சொல்லை மட்டும் நம்பித் தண்டிக்க இயலாது. சந்தேகத்தின் பலன் செல்வமணிக்கு. விடுதலை. பிச்சைமணியின் ஆட்கள் ஊரில் வெடி போட்டார்கள்.

சந்தனம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். “எம்புருசன நானே மறுபடி கொன்னுட்டேனே! இட்லி வாங்கிக் குடுக்குறது குத்தம்னு எனக்கு யாரும் சொல்லலியே! அந்த ஒச்சாண்டி நாளெல்லாம் வாங்கிக் குடுத்தானே தம்பி, அவனுக்கு ஒண்ணும் ஆகலியே!”

 ஒச்சாண்டி வழக்கில் அந்தக் கேள்வியை எந்த வக்கீலும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யார் கேட்பார்கள்? ஏழை ஒருத்தி நியாயம் கேட்டு வந்த அன்றுதான் அது குற்றமென்று ஞாபகம் வந்தது.

துறையிலிருந்து மச்சானுக்கு மெமோ வந்தது, வழக்கில் தொடர்புடையவரிடம் ஆதாயம் பெற்றதற்கு விளக்கம் கேட்டு. அதற்கும் அவர் விளக்கம் எழுதினார். ஆனால் அவருக்கு வெறி ஏற்றியது அது இல்லை. அன்றைய பயணத்துக்கு அவர் அனுப்பிய பில் திரும்பி வந்ததுதான். நத்தத்திலிருந்து தேனி வரை போட்ட சொந்தக் காசையும் சேர்த்து முழுவதையும் மறுத்திருந்தார்கள். அந்த அலுவலகத்துக்கே நேரில் கேட்கப் போனார். நானும் கூடப் போனேன்.

குமாஸ்தா பேனாவைக் காதில் செருகியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார்.

“தீர்ப்புலயே இருக்கேய்யா, டிக்கெட் அந்தம்மா எடுத்துச்சுன்னு. செலவழிக்காத காசை எப்படித் திருப்பித் தர்றது?”

“நத்தத்துல இருந்து தேனி வரைக்கும் நான் போட்டதக் குடுங்க.”

“ஒரு பயணத்தைத் துண்டு துண்டாப் பிரிக்க முடியாது.”

“சரி, அப்ப அந்தம்மாவுக்குக் குடுங்க. அது எடுத்த டிக்கெட்டு சர்க்காரு வேலைக்குத்தான?”

“அந்தம்மா போலீஸாய்யா?”

மச்சான் எழுந்தார். மேஜையில் ஓங்கி அடித்தார். மைப்புட்டி உருண்டு கீழே விழுந்தது. “அப்ப யாருய்யா போலீசு? சாராயக்காரன் காசுல கோர்ட்டுக்குப் போனா போலீசு. எங்க கேஸெல்லாம் அவன் தயவுல நடந்துச்சு, ஒங்க கண்ணுக்குத் தெரியல. தாலியறுத்தவ காசுல போனா மட்டும் தெரியுதா? நான் காசு கேட்டா திருடன், அவ குடுத்தா லஞ்சம், நீங்க குடுக்காம இருக்கீகளே, அதுக்குப் பேரு என்ன? அதுக்கு ஏதாவது செக்சன் இருக்கா?”

அறையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அலுவலகத்தில் ரகளை செய்ததற்கு ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதற்கு மட்டும் தாமதமில்லை. அந்த மாதமே உத்தரவு வந்துவிட்டது.

1979இல் இன்னொரு சம்மன் வந்தது. செத்தவர்களின் குடும்பங்கள் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கு மதுரையில் விசாரணைக்கு வந்திருந்தது. அங்கேயும் முதல் கேள்வி, வண்டியை ஓட்டியது யார். மச்சானைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

“போகாதீக” என்றாள் அக்கா. “ஒருக்கா போயி மானம் போனது போதும்.”

“போகாட்டி வாரண்டு வரும்.”

“வரட்டும். வாரண்டுல கூட்டிட்டுப் போனாலாவது அவன் டிக்கெட்டு எடுப்பான்ல?”

அக்கா சொன்னதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு. மறுநாள் இருட்டோடு எழுந்து, சீருடையை மடித்துப் பையில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை வாங்கி மிதித்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினார். நாற்பது வயதைத் தாண்டிய உடம்பு. நான் பஸ்ஸில் போய்க் கோர்ட் வாசலில் நின்றேன். வெயில் ஏறிய பிறகு வந்து சேர்ந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. சுவர் மறைவில் சீருடை மாற்றிக்கொண்டார்.

சந்தனம்மாள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. மச்சானுக்குத் தாகத்தில் உதடு வெடித்திருந்தது. அவள் பார்த்தாள். ஓர் அடி எடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போய் நின்றாள். மச்சானும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு விஷயத்துக்காக அத்தனை வருஷம் காத்துக் கிடந்த இரண்டு பேர், விரோதிகளைப் போல ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த நீதி என்ற சொல்லுக்கு நான் பார்த்த உருவம் அதுதான். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். பழைய தீர்ப்பைக் கையில் வைத்திருந்தார்.

“இன்னைக்கு யார் டிக்கெட் எடுத்தது?”

“யாரும் எடுக்கல. சைக்கிள்ல வந்தேன்.”

“நத்தத்திலிருந்தா?”

“ஆமா.”

“சாப்பிட?”

“தண்ணிகூட இன்னும் குடிக்கல. குடிச்சா அது யாரு தண்ணின்னு கேப்பீக.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாட்சிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். டவாலிச் சேவகர் கொண்டுவந்த டம்ளரை மச்சான் ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு, செக்போஸ்ட்டில் பார்த்ததை மறுபடியும் சொன்னார்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. விபத்து நடந்தபோது வண்டியை ஓட்டியது செல்வமணியே என்று அதில் இருந்தது. ஐந்து குடும்பங்களுக்கும் நஷ்ட ஈடு. கிரிமினல் வழக்கில் கிடைத்த விடுதலை அப்படியேதான் இருக்கும், அது வேறு, இது வேறு என்று வக்கீல் விளக்கினார். செல்வமணி பின்னால் எடுத்த லைசென்சும் அவனிடமே இருந்தது.

மறுநாள் விடியற்காலை சந்தனம்மாள் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். கூடையும் சாப்பாட்டுத் தூக்குமாக நின்றிருந்த பெண்களின் முன்னால் போய் நின்றாள்.

“மதுரைக் கோர்ட்ல எழுதிட்டாக. ஓட்டுனது எம்புருசன் இல்ல. செல்வமணி.”

 ஒருத்தி, “சொன்னது யாரு? நீ இட்லி வாங்கிக் குடுத்தியே, அந்தப் போலீசா?” என்றாள். இன்னொருத்தி, “இந்தத் தடவ பரோட்டாவா இருக்கும்” என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சந்தனம்மாளின் முகம் சுண்டிப்போனது.

“சிரிக்காதீகடி” என்று ஒரு குரல் வந்தது. சங்கிலியம்மாள். “செத்தது எம்புள்ள. நான் சிரிக்கல, நீங்க எதுக்குச் சிரிக்கீக?” அவள் சந்தனம்மாளின் கிட்டே வந்தாள்.  “அவரு சைக்கிள்லயா வந்தாரு?” என்று கேட்டாள்.

“ஆமா ஆத்தா.”

“தண்ணிகூடக் குடுக்கலியாமே நீ.”

“குடுக்கல.”

சங்கிலியம்மாள் தலையை ஆட்டினாள். அவளும் அந்த வழக்கில் நஷ்ட ஈடு கேட்டவள்தான். மதுரையில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியும் என்பதை நாங்கள்தான் அறியாமல் இருந்தோம்.

அப்போது ஜீப் வந்தது. ஓட்டி வந்தது செல்வமணி. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். சங்கிலியம்மாளும் ஏறினாள். ஏறியவள் நகர்ந்து உட்கார்ந்து, கையை நீட்டி, “ஏறு” என்றாள் சந்தனம்மாளிடம். யாரும் தடுக்கவில்லை. நாலு பேரைக் கொன்றவன் பெண்டாட்டி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. சந்தனம்மாள் ஏறினாள். உண்மையில் நாலு பேரையும் அம்மாவாசியையும் கொன்றவன் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வண்டியைக் கிளப்பினான்.

நத்தம் போய் மச்சானிடம் இதைச் சொன்னேன். சந்தனம்மாளை ஏற்றிக்கொண்டார்கள் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. “வண்டி யாருது?” என்று கேட்டார். சொன்னேன். ஓட்டியது யார் என்றார். அதையும் சொன்னேன்.

அவர் வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். அக்கா என்னை முறைத்தாள், ஏன் சொன்னாய் என்பது போல.

“எத்தன பேரு ஏத்துனான்?” என்றார் திரும்பி வந்து.

“எண்ணல மச்சான். வழக்கம் போலத்தான். பிதுங்கிக்கிட்டு.”

“அந்தச் செக்போஸ்ட்ல இப்ப எவன் நிக்கான்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியாது.”

“எவனா இருந்தாலும் போயிச் சொல்லு. வண்டி போகும்போது ஓட்டுறவன் மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்கச் சொல்லு. பாத்து வச்சுக்கிட்டு, சொந்தமா ஒரு சைக்கிளும் வாங்கி வச்சுக்கச் சொல்லு.”